காற்றின் கடைமடை

கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு முடிந்து மலை தொடங்கும் இடத்தில் ஆர்வின் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுமார் இருபதாயிரம் பேர். பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த, தோட்ட வேலை செய்கிற குடும்பங்கள். சுற்றிலும் திராட்சை, உருளைக்கிழங்கு, கேரட். ஜான் ஸ்டைன்பெக்கின் நாவலில் ஓக்லஹோமாவிலிருந்து பிழைப்பு தேடி வரும் குடும்பம் தங்குகிற வீட்பேட்ச் முகாம் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அன்றும் சரி, இன்றும் சரி, ஆர்வினில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய ஆலை கிடையாது. சில எண்ணெய்க் கிணறுகளும் காய்கனிகளைப் பெட்டியில் அடைக்கும் கொட்டகைகளும் உண்டு, அவ்வளவுதான். ஆனால் 2000களில் அமெரிக்காவிலேயே மிக மோசமான ஓசோன் அளவுகளில் சில இந்த ஊரில்தான் பதிவாயின. கோடிக்கணக்கான வாகனங்கள் ஓடும் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தோடு போட்டி போடும் அளவுகள்.

வானுயரத்தில் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கிற அதே ஓசோன், மூக்குக்கு நேரே வந்தால் நுரையீரலின் உட்சுவரை அரிக்கிறது. இதை எந்தப் புகைபோக்கியும் நேரடியாகக் கக்குவதில்லை. இன்ஜின்களில் எரிபொருள் எரியும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிவருகின்றன. பெட்ரோல் ஆவி, பெயின்ட், எண்ணெய்க் கிணறு, ஏன் சில மரங்களின் இலைகள்கூட, ஆவியாகும் கரிமச் சேர்மங்களை விடுகின்றன. இரண்டும் கலந்து வெயிலில் நின்றால் ஓசோன் பிறக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். கால்டெக் பல்கலைக்கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணம் எந்தெந்த வேதிப்பொருள்களால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். லாஸ் ஏஞ்சலிஸின் கண்ணெரிச்சல் புகைக்குக் காரணம் கேட்டார்கள்; பழ ஆவியைச் சேகரித்த அதே முறையில் ஊர்க்காற்றைச் சேகரித்துப் பார்த்தார். 1950களின் தொடக்கத்தில் அவர் சொன்ன விடை கார் நிறுவனங்களுக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஓசோன் உருவாக நேரம் பிடிக்கும் என்பதுதான் இந்த அத்தியாயத்துக்கு முக்கியம். காலையில் வடக்கே ஃப்ரெஸ்னோவிலும் பேக்கர்ஸ்ஃபீல்டிலும் வாகனங்கள் விட்ட புகை, காற்றோடு தெற்கே நகர்ந்தபடியே பல மணி நேரம் வெயிலில் வேகிறது. நகரின் நடுவே, சாலையோரத்தில், புதிதாக வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடும். அதனால் நெரிசல் மிகுந்த சாலையில் ஓசோன் குறைவாகக்கூடக் காட்டும். ஊரைத் தாண்டிய பிறகு தின்ன ஆளில்லை. மாலைக்குள் ஆர்வினில் வந்து குவிகிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் கடைமடை விவசாயியைக் கேட்டால் தெரியும்: மேல்மடைக்காரர்கள் எடுத்ததுபோக மிச்சம்தான் அவருக்கு. காற்றிலும் மேல்மடை, கடைமடை உண்டு. கணக்கு மட்டும் தலைகீழ். நீர் குறைந்துகொண்டே போய்க் கடைமடை சேர்கிறது. ஓசோன் விளைந்துகொண்டே போய்ச் சேர்கிறது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. மடை எங்கே இருக்கிறது என்று வயலில் எல்லோருக்கும் தெரியும். காற்றில் அதைக் கண்டுபிடிக்கவே பல பத்தாண்டுகள் ஆயின.

*

பள்ளத்தாக்கு சுமார் 400 கிலோமீட்டர் நீளம். அகலம் அதில் ஏழில் ஒரு பங்கு இருக்கலாம். கிழக்கே சியரா நெவாடா, 4,000 மீட்டருக்கும் மேல் உயரும் கருங்கல் மலைத்தொடர். மேற்கே கடற்கரை மலைகள். தெற்கே டெஹாச்சப்பி மலை குறுக்கே விழுந்து வழியை அடைக்கிறது. வடக்கு மட்டும் திறப்பு. கோடையில் உள்நாட்டு நிலம் காய்ந்து காற்று மேலெழும்போது, பசிபிக் கடற்காற்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைக் கடந்து, கார்க்கினஸ் நீரிணை, ஆல்டமான்ட் கணவாய் போன்ற இடைவெளிகளில் புகுந்து தெற்கு நோக்கி வீசும். வரும் வழியில் ஸ்டாக்டன், மொடெஸ்டோ, மெர்செட், ஃப்ரெஸ்னோ, பேக்கர்ஸ்ஃபீல்ட் என்று வரிசையாக நகரங்கள்; எல்லாவற்றையும் கோக்கும் 99ஆம் எண் நெடுஞ்சாலை. ஒவ்வோர் ஊரும் தன் பங்கைக் காற்றில் சேர்க்கிறது.

தெற்குச் சுவரில் முட்டிய காற்றில் ஒரு பகுதி கணவாய் வழியே மொஹாவி பாலைவனத்துக்குத் தப்பிக்கிறது. மிச்சம் திரும்புகிறது. இரவில் சியரா அடிவாரத்தை ஒட்டி வடக்கே ஏறி, ஃப்ரெஸ்னோ பக்கம் வளைந்து, மறுபடி தெற்கே இறங்கும் பெரிய சுழலொன்று உண்டாகிறது. வானிலையாளர்கள் இதை ஃப்ரெஸ்னோ சுழல் என்கிறார்கள். நேற்று அனுப்பிய புகை இன்று காலை வாசலுக்கே வந்து நிற்கிறது என்று பொருள். பகலில் மலைச்சரிவு சூடாகி, பள்ளத்தாக்குக் காற்று சரிவேறும். அதனால்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கும் பெருமரங்களைப் பார்க்க செக்கோயா தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் நகர்ப்புற ஓசோனைச் சுவாசித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்குள்ள பைன் மரங்களின் ஊசியிலைகளில் ஓசோன் பட்ட மஞ்சள் திட்டுகளை வனத்துறையினர் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்து வருகிறார்கள்.

பக்கச் சுவர்கள் போதாதென்று மேலேயும் தடுப்பு. சாதாரணமாக உயரே போகப் போகக் காற்று குளிரும். கீழே உள்ள சூடான காற்று மேலேறிக் கலந்து நீர்த்துப்போகும். கோடையில் பசிபிக் உயர் அழுத்தப் பகுதியிலிருந்து காற்று கீழிறங்கி அமுங்கிச் சூடாகி, தரைக் காற்றின்மேல் படர்ந்து நிற்கிறது. கீழே குளிர்ச்சி, மேலே சூடு. இந்தத் தலைகீழ் அடுக்கைத் துளைத்துக்கொண்டு எதுவும் மேலே போகாது. மலை முகடுகளுக்கு வெகு கீழேயே அந்த எல்லை இருப்பதால், காற்று மலை தாண்டவும் வழியில்லை.

*

இயற்கை இப்படி ஒரே அறையைக் கட்டி வைத்திருந்தது. மனிதர்கள் அதற்குள் எட்டுக் கோடுகளைக் கிழித்தார்கள்.

சான் வாக்கீன், ஸ்டானிஸ்லாஸ், மெர்செட், மடேரா, ஃப்ரெஸ்னோ, கிங்ஸ், துலேரி, கெர்ன். எட்டு கவுண்டிகள்; நம் மாவட்டம் போன்றவை, ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சிக் குழுவும் கணிசமான அதிகாரமும் உள்ளவை. 1947இல் கலிஃபோர்னியா ஆளுநர் ஏர்ல் வாரன் கையெழுத்திட்ட சட்டம், ஒவ்வொரு கவுண்டியும் தனக்கென ஒரு காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பை வைத்துக்கொள்ளலாம் என்றது. அந்தக் காலத்தில் அது முற்போக்கான சட்டம். அதற்கு முன்பு ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் மட்டும் புகையை விரட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கவுண்டி எல்லை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ வரைபடத்தில் போட்ட கோடு. காற்றைக் கேட்டு யாரும் போடவில்லை.

1967இல் மாநிலம் இதைப் புரிந்துகொண்டது. ஆளுநர் ரொனால்ட் ரீகன் காலத்துச் சட்டம் ஒன்று மாநிலக் காற்று வள வாரியத்தை உருவாக்கியது. ஹாகன்-ஸ்மிட்தான் முதல் தலைவர். மலைகளையும் காற்றோட்டத்தையும் பார்த்து மாநிலத்தைக் காற்றுப்படுகைகளாகப் பிரிக்கச் சொன்னது அந்தச் சட்டம். சான் வாக்கீன் பள்ளத்தாக்கு ஒரே படுகை என்று காகிதத்தில் வந்துவிட்டது. உரிமம் கொடுப்பதும் அபராதம் போடுவதும் மட்டும் எட்டு அலுவலகங்களின் கையிலேயே இருந்தன. தெற்கே லாஸ் ஏஞ்சலிஸும் பக்கத்து மூன்று கவுண்டிகளும் 1977இல் ஒரே வாரியமாக இணைந்தன. பள்ளத்தாக்குக்கு இன்னும் 14 ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஏன் அவ்வளவு தாமதம்? சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொருவரிடமும் நியாயம்போலத் தோன்றும் காரணம் இருந்தது. ஃப்ரெஸ்னோ, சான் பிரான்சிஸ்கோவைக் கைகாட்டியது. நடுவிலிருந்த விவசாயக் கவுண்டிகள் கெர்னின் எண்ணெய் வயல்களைக் காட்டின. அங்கே தடித்த எண்ணெயை இளக்கப் பிரம்மாண்டமான நீராவிக் கொதிகலன்கள் எரிந்துகொண்டிருந்தன. கெர்ன் வடக்கே கைகாட்டியது. ஒரு கவுண்டி கடுமையான விதி போட்டால் ஆலை பக்கத்துக் கவுண்டிக்குப் போய்விடும். வேலை போகும், வரி போகும், புகை மட்டும் திரும்பி வரும். இந்த நிலையில் தனியாக நல்லவனாக இருப்பவன் ஏமாளி.

இந்தக் கைகாட்டலை முடித்துவைத்தது அறிவுரை அல்ல, அளவீடு. 1990 கோடையில் மாநில அரசு, கவுண்டிகள், தொழில்துறை எல்லாம் சேர்ந்து பணம் போட்டு, பள்ளத்தாக்கு முழுக்க ஒரு பெரும் ஆய்வை நடத்தின. விமானங்கள் காற்று மாதிரி எடுத்தன. பலூன்கள் உயர உயரக் காற்றின் திசையையும் வெப்பத்தையும் அளந்தன. தரையில் நிலையங்கள் மணிக்கு மணி பதிவு செய்தன. இன்னொரு பக்கம், 1988இல் வந்த கலிஃபோர்னியாத் தூய காற்றுச் சட்டம், எந்தப் படுகையின் மாசு எந்தப் படுகைக்குப் போகிறது என்று மதிப்பிடும் வேலையை மாநில வாரியத்திடம் கொடுத்திருந்தது. பெரும்பங்கா, கணிசமா, பொருட்படுத்தத் தேவையில்லாததா என்று தரம் பிரித்தார்கள்.

விடை எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் சங்கடப்படுத்தியது. விரிகுடா மாசு பள்ளத்தாக்கின் வடபகுதிக்குக் கணிசமாக வருகிறது, உண்மை. ஆனால் தெற்கே போகப் போக அதன் பங்கு சுருங்கிவிடுகிறது. ஃப்ரெஸ்னோவும் பேக்கர்ஸ்ஃபீல்டும் முக்கியமாகத் தங்கள் புகையிலேயே இருமிக்கொண்டிருந்தன. அதுபோக, பள்ளத்தாக்கே இன்னொருவருக்கு மேல்மடை: டெஹாச்சப்பி கணவாயைத் தாண்டிய மொஹாவி பாலைவன ஊர்களில் ஓசோன் அதிகமாவதற்கு முக்கியக் காரணம் இங்கிருந்து போகும் காற்று.

1991இல் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு ஒருங்கிணைந்த காற்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உருவானது. தலைமையகம் ஃப்ரெஸ்னோவில், வடக்கே மொடெஸ்டோவிலும் தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்டிலும் கிளைகள். இதன் எல்லைக்கோடு பார்க்க அழகானது. ஏழு கவுண்டிகள் முழுதாக உள்ளே. எட்டாவதான கெர்ன் மட்டும் மலைமுகட்டில் வெட்டுப்பட்டு, பள்ளத்தாக்குப் பக்கம் உள்ளேயும் பாலைவனப் பக்கம் வெளியேயும் நிற்கிறது. ஒரு நிர்வாகக் கோடு காற்றுக்கு வளைந்து கொடுத்த அபூர்வமான இடம் அது.

அளந்து வைத்த கணக்கு பிறகும் பயன்பட்டது. விரிகுடா வட்டாரக் கார்களுக்கு, மாநிலத்தின் மற்றப் பெருநகரங்களில் இருந்த கடுமையான புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு இருந்தது. கடற்காற்று அடித்துக்கொண்டு போய்விடுவதால் அங்கே காற்று சுத்தம் என்பது வாதம். அடித்துக்கொண்டு எங்கே போகிறது என்று பள்ளத்தாக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்டார்கள். 2002இல் அவர்களில் ஒருவரான டென்னிஸ் கார்டோசா கொண்டுவந்த சட்டம் அந்த விலக்கை நீக்கியது. தங்கள் ஊர்க் காற்று நன்றாக இருக்கும்போதே, அடுத்த படுகைக்காக விரிகுடாக்காரர்கள் காருக்குக் கூடுதல் பரிசோதனை செய்ய வேண்டியதாயிற்று. சந்தோஷமாகச் செய்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அளவீட்டுக்கும் அரசியல் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆர்வினுக்குப் பக்கத்தில் பல ஆண்டுகள் உயர்ந்த ஓசோன் அளவுகளைக் காட்டிவந்த கண்காணிப்பு நிலையம், இருந்த இடத்தின் குத்தகை முடிந்து, மாநில வாரியத்தால் சில கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு பள்ளி வளாகத்துக்கு மாற்றப்பட்டது. புதிய இடத்தில் அளவுகள் குறைவாக இருந்தன. காற்று மாறியதா, இடம் மாறியதா? ஊர்க்காரர்கள் கேட்ட இந்தக் கேள்வி வழக்காகவும் விவாதமாகவும் நீண்டது. எத்தனை கோடி ரூபாய் மதிப்புள்ள கருவியானாலும், அதை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் ஒரு முடிவுதான்.

*

இதுவரை சொன்னது கோடைக் கதை. குளிர்காலத்தில் பள்ளத்தாக்கு வேறு விதமாக நோய்ப்படுகிறது.

டிசம்பர், ஜனவரியில் காற்று நின்றுவிடும். தரை இரவில் குளிர்ந்து, ஈரம் மூடுபனியாகத் திரளும். துலே மூடுபனி என்று பெயர், சதுப்பு நிலக் கோரையின் பெயரால். அந்த நாட்களில் பிரச்சினை ஓசோன் இல்லை, 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்கள். நுரையீரலின் கடைசி அறைவரை போய், இரத்தத்திலும் கலக்கக்கூடியவை. ஃப்ரெஸ்னோவில் பல பள்ளிகளில் காற்றின் தரத்தைக் காட்ட வண்ணக் கொடி ஏற்றுகிறார்கள். சிவப்புக் கொடி பறந்தால் மைதானத்தில் விளையாட்டு கிடையாது.

இந்தத் துகள்களில் பெரும்பகுதி யாரும் நேரடியாக விட்ட புகைகூட அல்ல. லாரிகளின் நைட்ரஜன் ஆக்சைடு காற்றில் நைட்ரிக் அமிலமாகிறது. மாட்டுப் பண்ணைகளின் சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் அம்மோனியா எழுகிறது. துலேரி கவுண்டி அமெரிக்காவின் பால் உற்பத்தியில் முன்வரிசையில் நிற்பது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் அமிலமும் அம்மோனியாவும் கூடி அம்மோனியம் நைட்ரேட் துகளாகிவிடும். உரமாகப் பயன்படும் அதே உப்பு, காற்றில் மிதக்கிறது.

ஆக, குற்றவாளி லாரியா, மாடா? வாரியம் சொல்லும் விடை: காற்றில் அம்மோனியா தேவைக்கு மேல் கிடக்கிறது, கொஞ்சம் குறைத்தாலும் துகள் குறையாது. நைட்ரஜன் ஆக்சைடுதான் அளவோடு இருக்கிறது. அதைக் குறைத்தால் துகளும் குறையும். வேதியியல் பெருமளவு சரிதான். 1930களிலிருந்து 1970வரை துலே மூடுபனி நாட்கள் பெருகி, பிறகு வெகுவாகக் குறைந்ததையும் நைட்ரஜன் ஆக்சைடின் ஏற்ற இறக்கத்தோடு பொருத்திக் காட்டுகிறது பெர்க்லி ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு. ஆனால் இது சரியான வேதியியல் மட்டுமல்ல, வசதியான வேதியியலும்கூட. மாடுகள் உள்ளூர் வாரியத்தின் அதிகாரத்துக்குள் வருபவை. லாரிகள் வேறு யாருடைய அதிகாரத்திலோ இருப்பவை. சூழல் அமைப்புகள் இந்த வாதத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

மாட்டுப் பண்ணையைப் பற்றி அறிவியல் தன் கணக்கைத் திருத்திக்கொண்ட கதை ஒன்றும் உண்டு. ஓசோனுக்கு எரிபொருளாகும் கரிம ஆவி மாட்டிலிருந்தும் சாணத்திலிருந்துமே வருவதாக முதலில் நினைத்தார்கள். அளந்து பார்த்தபோது, முக்கிய ஊற்று தீவனம்: மலைபோல் குவித்துப் புளிக்கவைத்த சோளத்தட்டையிலிருந்து எழும் ஆல்கஹாலும் பிற ஆவிகளும். குவியலை இறுக்கி மூடிவைத்தால் கொஞ்சம் குறையும். பசுவைத் திட்டுவதைவிடத் தார்ப்பாய் வாங்குவது எளிது.

*

இந்தியாவில் நாம் வாங்கும் பாதாமில் பெரும்பங்கு கலிஃபோர்னியாவிலிருந்து வருகிறது. அதிலும் மிகுதி இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து. பாதாம் மரத்துக்கு ஆயுள் இருபத்தைந்து ஆண்டு போல. பிறகு வேரோடு பிடுங்கி, குவித்து, கொளுத்திவந்தார்கள். திராட்சைக்கொடி, பழமரக் கிளை எல்லாம் அப்படியே. கலிஃபோர்னியாவில் பல பத்தாண்டுகளாக விவசாயத்துக்குக் காற்று உரிமமே தேவையில்லை என்ற விலக்கு இருந்தது. ஆலை முதலாளி ஒரு கொதிகலனுக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க, பக்கத்தில் நூற்றுக்கணக்கான டீசல் பம்புகள் கேட்பாரின்றி ஓடின. எட்டு கவுண்டிகளும் ஒன்றானபின் இந்த ஓட்டை இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

ஓட்டையை அடைத்தவர் உள்ளூர்க்காரர். கெர்ன் கவுண்டியில் ஷாஃப்டர் என்ற விவசாய ஊரில் பிறந்த மாநில செனட்டர் டீன் ஃப்ளோரெஸ். 2003இல் நிறைவேறிய அவருடைய சட்டங்களில் ஒன்று விவசாய விலக்கை நீக்கியது. மத்தியத் தூய காற்றுச் சட்டத்தோடு அந்த விலக்கு மோதியதால், மாநிலத்துக்கும் நெருக்கடி இருந்தது. அவருடைய இன்னொரு சட்டம் வயல் எரிப்பைப் பயிர் பயிராக நிறுத்தி 2010க்குள் முடிக்கச் சொன்னது. அதில் ஒரு கதவு திறந்திருந்தது: கட்டுப்படியாகும் மாற்று வழி இல்லையென்றால் தள்ளிப்போடலாம். வாரியம் தள்ளிப்போட்டது; மாநில வாரியம் ஒப்புக்கொண்டது; பிறகும் தள்ளியது. 2021இல்தான் மாநிலம் கையை ஓங்கி, 2025 தொடக்கத்தோடு ஏறக்குறைய எல்லா எரிப்பும் முடிய வேண்டும் என்றது. இப்போது மரங்களை இயந்திரத்தில் சில்லுகளாக அரைத்து அதே மண்ணில் கலந்துவிடுகிறார்கள். மண்ணுக்கு நல்லது, செலவு அதிகம், ஏக்கருக்கு இவ்வளவு என்று வாரியம் மானியம் கொடுக்கிறது.

பதினைந்து ஆண்டுத் தாமதத்தைப் பார்க்கும்போது, கூட்டு அமைப்பு பற்றி ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. எட்டுப் பேர் சேர்ந்தால் ஒருவரையொருவர் கைகாட்டுவது நிற்கும், சரி. எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே திசையில் மெதுவாக நடப்பதும் அதைவிட எளிதாகிவிடும். வாரியத்தின் ஆட்சிக் குழுவில் அதுவரை 11 பேர், எல்லோரும் கவுண்டி, நகர அரசியல்வாதிகள். 2007இல் மாநிலச் சட்டம் ஒன்று குழுவை 15 ஆக்கி, ஆளுநர் நியமிக்கும் ஒரு மருத்துவரையும் ஓர் அறிவியலாளரையும் உள்ளே உட்கார வைத்தது. நுரையீரலைப் பற்றி முடிவெடுக்கும் குழுவில் ஒரு மருத்துவர் இருக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது.

*

1990இல் இந்த எட்டு கவுண்டிகளில் சுமார் 27 லட்சம் பேர். 2020 கணக்கெடுப்பில் 43 லட்சம். விரிகுடாவில் வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போனதால், ட்ரேசி, மான்டீக்கா போன்ற வடக்கு ஊர்களில் வீடு வாங்கி, விடியற்காலையில் ஆல்டமான்ட் கணவாய் ஏறி வேலைக்குப் போய் இரவில் திரும்பும் கூட்டம் பெருகியது. மேற்கிலிருந்து காற்று வரும் அதே கணவாய் வழியாகக் கார்களும் வந்தன. பிறகு இணையக் கடைகளின் கிடங்குகள். கிடங்குக்கு லாரி.

ஒரு குடியிருப்பு வளாகத்துக்குப் புகைபோக்கி கிடையாது. ஆனால் அங்கே குடிவரும் ஒவ்வொருவரும் காரை எடுத்தால்தான் பால் வாங்க முடியும் என்று கட்டினால், அந்த வளாகமே ஒரு மாசு ஊற்று. இந்த எண்ணத்தை விதியாக்கியதுதான் வாரியம் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. 2005 டிசம்பரில் நிறைவேறிய 9510ஆம் விதி: 50 வீடுகளோ அதற்கு மேலோ கட்டுகிறவர், கட்டுமானத்தின்போது நைட்ரஜன் ஆக்சைடை ஐந்தில் ஒரு பங்கும், குடியேறிய பிறகு வாகனங்கள் முதலியவற்றால் வரப்போவதை மூன்றில் ஒரு பங்கும் குறைத்துக் காட்ட வேண்டும். நடைபாதை, சைக்கிள் வழி, பக்கத்திலேயே கடை, புதிய இயந்திரங்கள் என்று எப்படி வேண்டுமானாலும் குறைக்கலாம். முடியாவிட்டால் கட்டணம், அந்தப் பணத்தில் வாரியம் வேறெங்காவது ஒரு பழைய டீசல் பம்பையோ டிராக்டரையோ மாற்றும். வீடு கட்டுவோர் சங்கம் நீதிமன்றம் போனது. வாகனங்களைக் கட்டுப்படுத்துவது மத்திய அரசின் வேலை, இது மறைமுக வாகன விதி என்றார்கள். 2010 டிசம்பரில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் நின்றது: விதி கட்டுமானத் தளத்தைத்தான் பார்க்கிறது, வாகனத்தை அல்ல.

வாரியத்தின் பெரிய சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் ஆலை, பண்ணை, அடுப்பு எல்லாம் உள்ளூர் வாரியத்தின் பொறுப்பு. காரும் லாரியும் மாநிலத்தின் பொறுப்பு. அதுவும் மத்திய அரசு விலக்கு தந்தால்தான். ரயில் இன்ஜின் நேரடியாக வாஷிங்டனின் பொறுப்பு. பள்ளத்தாக்கின் நைட்ரஜன் ஆக்சைடில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் சக்கரத்தில் ஓடுகிற இன்ஜின்களிலிருந்து வருகிறது. கெடு தவறினால் தண்டனை மட்டும் உள்ளூருக்கு. பழைய ஒரு மணி நேர ஓசோன் வரம்பை 2010க்குள் எட்டாததால் ஆண்டுக்கு 2.9 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதைக் கட்ட, பள்ளத்தாக்கின் ஒவ்வொரு வாகனப் பதிவிலும் 12 டாலர் கூட்டினார்கள். ஆர்வினில் பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் தோட்டத் தொழிலாளியும் கட்டினார்.

கையில் அதிகாரம் இல்லாத இடத்தில் பணத்தைக் கொண்டுபோனார்கள். 1998இல் தொடங்கிய, கார்ல் மோயர் என்பவர் பெயரிலான மாநில மானியம் போன்றவற்றைத் திரட்டி, ஆயிரக்கணக்கான பழைய டிராக்டர், பம்பு, லாரி இன்ஜின்களை உடைத்துப்போட்டுப் புதியவை வாங்க உதவினார்கள். குளிர்காலத்தில் எரிக்கத் தடை நாட்களை அறிவித்து, வரவேற்பறைக் கணப்பில் விறகு போடுவதையே குற்றமாக்கினார்கள். முதலில் சிரித்தவர்கள் உண்டு, பிறகு துகள் அளவு இறங்கியது. 2000களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு நூறு நாளுக்கும் மேல் எட்டு மணி நேர ஓசோன் வரம்பு மீறப்பட்டது. 2016இல், அந்தப் பழைய ஒரு மணி நேர வரம்பைப் பள்ளத்தாக்கு எட்டிவிட்டதாக மத்தியச் சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. ஜனத்தொகை பாதிக்குமேல் பெருகிய காலத்தில் நடந்தது இது.

அதற்குள் வரம்புகளும் இறுகிவிட்டன. எட்டு மணி நேர ஓசோன் வரம்பு 2015இல் நூறு கோடியில் 70 பங்காக இறங்கியது. நுண்துகளின் ஆண்டுச் சராசரி வரம்பு 2024இல் கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராம் ஆனது. இந்தியாவின் ஆண்டு வரம்பு 40 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், இவர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று தோன்றலாம். நுரையீரல் வரம்பைப் படித்துவிட்டு மூச்சு விடுவதில்லை. 9க்கும் கீழேகூடப் பாதிப்பு தொடர்வதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஓசோனைப் பொறுத்தவரை பள்ளத்தாக்கு இன்னும் அமெரிக்காவின் மிக மோசமான வகுப்பில்தான் இருக்கிறது. மலைக்காடுகள் பற்றி எரியும் கோடைகளில், 2020இல் க்ரீக் தீ எரிந்தபோது நடந்ததுபோல, வாரியத்தின் எந்த விதியும் எட்டாத புகை சியராவிலிருந்து இறங்குகிறது.

மிச்சமிருக்கும் குறைப்பில் பெரும்பகுதி லாரிகளிலிருந்துதான் வந்தாக வேண்டும். அதற்காக மாநிலம் கனரக இன்ஜின்களின் நைட்ரஜன் ஆக்சைடை வெகுவாகக் குறைக்கும் விதியையும், உற்பத்தியாளர்கள் மின் லாரிகளை விற்றாக வேண்டும் என்ற விதியையும் கொண்டுவந்திருந்தது. பள்ளத்தாக்கின் திட்டக் கணக்குகள் இவற்றை நம்பியே எழுதப்பட்டவை. 2025 ஜூனில், இந்த விதிகளுக்கு மத்திய அரசு முன்பு தந்த விலக்குகளை ரத்து செய்யும் தீர்மானங்களில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அன்றே கலிஃபோர்னியா பத்து மாநிலங்களைச் சேர்த்துக்கொண்டு வழக்குத் தொடுத்தது. பள்ளத்தாக்கின் கெடு தேதிகளை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை.